கடுகுக்குக் கணக்கு உண்டா, ஐயா?

அனுப்புநர்:
ஒரு வயிறு,
செங்கல்பட்டு – மாமல்லபுரம் சாலை,
திருக்கழுக்குன்றம் வழி.

பெறுநர்:
தலைமைச் செயல் அலுவலர் அவர்கள்,
இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம்,
புது தில்லி.

பொருள்: தாளிப்பில் வெடித்த கடுகு, இலையோரம் ஒதுக்கிய கறிவேப்பிலை, வாளியில் வந்த சாம்பார் ஆகியவற்றின் கலோரியை யார் தலையில் எழுதுவது எனத் தெளிவுரை வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் ஆணையத்தின் லேபிள் மற்றும் காட்சிப்படுத்துதல் ஒழுங்குமுறைகள், 2020.

மதிப்பிற்குரிய ஐயா,

பார்வையில் கண்ட ஒழுங்குமுறைகளின்படி, மத்திய உரிமம் பெற்ற உணவகங்களும் பத்து இடங்களிலோ அதற்கு மேலோ கிளை வைத்திருக்கும் உணவகங்களும் 2022 ஜூலை 1 முதல் மெனு அட்டையிலோ பலகையிலோ ஒவ்வொரு பண்டத்துக்கும் நேரே அதன் கலோரியைப் போட வேண்டும். ஓடியாடி வேலை செய்யும் வளர்ந்த ஆளுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 2,000 கிலோகலோரி தேவை, ஆளுக்கு ஆள் இது மாறலாம் என்ற வாசகமும் கூடவே இருக்க வேண்டும். நல்ல சட்டம். விலையைப் பார்த்து மட்டுமே பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்த குடிமக்களுக்குப் பெருமூச்சு விட இன்னொரு காரணத்தையும் அரசு இலவசமாகக் கொடுத்திருக்கிறது.

அந்தப் பலகையைப் பார்த்த நாள் முதல் எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு எண்ணும் பழக்கம் தொற்றிக்கொண்டது. செங்கல்பட்டில் பஸ் ஏறி மாமல்லபுரத்தில் இறங்குவதற்குள் பாதிப் பேர் காலையில் தின்றதைச் செல்பேசிச் செயலியில் ஏற்றிவிடுகிறார்கள். இட்லி ஏறிவிடுகிறது. சோறு ஏறிவிடுகிறது. ரசத்தில்தான் வண்டி நின்றுவிடுகிறது. மிளகு எத்தனை கிராம் என்கிறது செயலி. வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டால், "கண்ணளவுதான், யார் தராசு வெச்சு ரசம் வெப்பாங்க?" என்று பதில் வருகிறது. செயலியில் கிராம் இருக்கிறது, அவுன்ஸ் இருக்கிறது, கப் இருக்கிறது. கண் இல்லை.

சரி, ஊட்டச்சத்துப் புத்தகத்தைப் பார்ப்போம் என்று பார்த்தால் வயிறு கலங்குகிறது. 100 கிராம் சோற்றில் சுமார் 130 கிலோகலோரி. அதே 100 கிராம் மிளகில் 250. மல்லி விதையில் கிட்டத்தட்ட 300. சீரகத்தில் 375. கடுகில் 500க்கும் மேல். அதாவது சோற்றைப்போல் நான்கு மடங்கு சக்தியைக் கடுகுக்குள் ஒளித்துவைத்துக்கொண்டு எங்கள் பாட்டிமார் தலைமுறை தலைமுறையாக எங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். ரசத்தை நிறுத்திவிட்டு வெறுஞ்சோறு தின்றால் இளைத்துவிடலாம் என்று ஒருவர் முடிவுக்கு வந்தால் அவரைக் குற்றம் சொல்ல முடியுமா?

இந்த வகைக் கணக்கு எங்கு கொண்டுபோய் விடும் என்பதற்கு மாமல்லபுரத்திலேயே சாட்சி இருக்கிறது. மலைச்சரிவில் உருளாமல் நிற்கும் பாறைக்குக் கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை என்று பெயர். எடை சுமார் 250 டன் என்கிறார்கள். 100 கிராம் வெண்ணெயில் 717 கிலோகலோரி என்ற கணக்கில், அந்த உருண்டையில் இருப்பது 179 கோடி கிலோகலோரிக்கும் மேல். தங்கள் பலகை சொல்லும் 2,000 வீதம் ஒரே ஆள் தின்றால் தீர 2,450 ஆண்டுகள் ஆகும். முதலாம் மகேந்திரவர்மன் காலத்தில் உட்கார்ந்தவர் இன்னும் ஆயிரம் ஆண்டு எழுந்திருக்க முடியாது. பெருக்கலில் பிழை இல்லை ஐயா. பாறையில் வெண்ணெய் இல்லை, அவ்வளவுதான். நூறு கிராம் மிளகை எண்ணுவதும் இதே கதைதான். கணக்கு சரி, தின்ன ஆள் இல்லை.

உண்மையில் தின்பது எவ்வளவு? நாலு பேருக்கு வைக்கும் ரசத்தில் ஒரு தேக்கரண்டி மிளகு, அதில் 6 கிலோகலோரி. ஒரு தேக்கரண்டி சீரகம், 8. மல்லி ஒரு தேக்கரண்டி, 5. மூன்றும் சேர்ந்து 20ஐத் தாண்டவில்லை, தலைக்கு ஐந்து. அதிலும் மல்லி விதையில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் நார். அந்த நாரிலிருந்து உடம்புக்குக் கிடைக்கும் சக்தி மாவுச்சத்தில் கிடைப்பதில் பாதிக்கு மேல் தேறாது. பட்டையும் கறிவேப்பிலையும் இலையோரம் ஒதுங்கிவிடுகின்றன. மூன்று வேளையும் காரசாரமாகச் சாப்பிடுகிறவர் நாளைக்குப் பத்துப் பதினைந்து கிராம் மசாலாவை உள்ளே தள்ளினாலும் 30லிருந்து 50 கிலோகலோரிக்குள் அடங்கிவிடும். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பார்கள். காரம் குறையாது, கலோரி குறைந்துவிடும்.

எண்ணுவதில் கெட்டிக்காரர்களான அமெரிக்கர்களே இதைக் கைவிட்டுவிட்டார்கள். அங்கே ஒரு பரிமாறலில் 5 கலோரிக்குக் கீழே இருந்தால் லேபிளில் பூஜ்யம் என்றே போட்டுக்கொள்ளலாம். லேபிளில் போட்டதைவிட 20 சதவீதம் வரை கூட இருந்தாலும் அந்த நாட்டுச் சட்டம் கண்டுகொள்ளாது. 500 என்று அச்சிட்ட பொட்டலத்தில் 600 இருக்கலாம் என்றால், மிளகின் ஆறை எழுதிவைத்து என்ன ஆகப்போகிறது?

தாங்களும் இதை அறிந்தவர்தாம். மூலிகைக்கும் மசாலாப் பொருளுக்கும் அவற்றின் கலவைக்கும் பொட்டலத்தில் ஊட்டச்சத்து அட்டவணை கட்டாயமில்லை என்று தங்கள் ஒழுங்குமுறையே விலக்குக் கொடுத்திருக்கிறது. இதில் தங்களோடு எனக்குத் துளியும் வழக்கில்லை. சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டிய டச்சுக்காரர்கள் இந்தக் கரையில் துணி வாங்கி, கிழக்கே கொண்டுபோய்க் கிராம்புக்கும் ஜாதிக்காய்க்கும் மாற்றிக் கணக்கெழுதினார்கள். அவர்களுக்கு அதில் லாபம் இருந்தது. எனக்குக் கண்வலிதான் மிச்சம்.

என் வழக்கு அடுத்த விலக்கில் தொடங்குகிறது. மெனுவில் பெயர் இல்லாத, காசு வாங்காத, சாப்பிடுகிறவர் தாமே எடுத்துக்கொள்ளும் தொடுகறி வகைகளுக்குக் கலோரி போட வேண்டியதில்லை என்கிறீர்கள். இந்த விதியை யோசித்தவர் கண்முன் இருந்தது மேசை ஓரத்துத் தக்காளி சாஸ் பாட்டில் என்று தெரிகிறது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இதே மாதிரி விலக்கு இருக்கிறது. அங்கே அது நியாயம். இரண்டு சொட்டு சாஸுக்கு யார் கணக்குப் பார்ப்பார்கள்? அதே விதி விந்திய மலை தாண்டி ஜி.எஸ்.டி. சாலைக்கு வந்து சேர்ந்தபோது எதன்மேல் விழுந்தது என்று பாருங்கள். காசு வாங்காமல், மெனுவில் பெயரில்லாமல் எங்களுக்கு வருவது சாம்பார். தேங்காய்ச் சட்னி. காரச் சட்னி. இட்லிப் பொடி. பொடிக்கு நல்லெண்ணெய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது பழைய சாமர்த்தியம். தாங்கள் பூசணிக்காய் மிதக்கும் சாம்பாரையே சட்டத்தில் மறைத்துவிட்டீர்கள்.

இங்கே ஒரு சட்டச் சிக்கலும் எழுகிறது. தாமே எடுத்துக்கொண்டால்தான் விலக்கு. எங்கள் ஊரில் சாம்பாரை யாரும் தாமே எடுப்பதில்லை. ஒரு கையில் எவர்சில்வர் வாளியும், மறுகையில் சட்னிக் கிண்ணங்கள் கோத்த தூக்குமாகச் சர்வர் அண்ணன் வருகிறார். "சாம்பார் ஊத்தவா சார்?" என்று கேட்கிறார். கேட்பது மரியாதைக்கு, பதில் சொல்வதற்குள் கரண்டி சாய்ந்துவிடும். போதும் என்று கையை நீட்டினால் கைக்கும் தட்டுக்கும் இடையில் உள்ள சந்தில் ஊற்றிவிட்டுப் போவார். இது சாப்பிடுகிறவர் தாமே எடுத்துக்கொண்டதா, அவர்மேல் திணிக்கப்பட்டதா? ஒரே சாம்பார், நான் ஊற்றினால் கலோரி இல்லை, அண்ணன் ஊற்றினால் உண்டு என்று ஆகுமா? உச்ச நீதிமன்றம்வரை போகக்கூடிய கேள்வி என்பதால் முன்கூட்டியே தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

பொடி விவகாரம் இதைவிடக் கனமானது. இரண்டு இட்லிக்குப் பலகையில் 120 கிலோகலோரி என்று வைத்துக்கொள்வோம். தட்டோரம் பொடியைக் குவித்து, நடுவில் விரலால் குழி பறித்து, அதில் நல்லெண்ணெயை ஊற்றுகிறோம். குழி நிறைந்து வழிகிறபோது ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் உள்ளே போயிருக்கும். அதுவும் 120 கிலோகலோரி. பலகையில் இருந்த இட்லிக்குச் சரிநிகராகப் பலகையில் இல்லாத எண்ணெய் உட்கார்ந்திருக்கிறது. பொடியிலேயே உளுந்தும் கடலைப்பருப்பும் எள்ளும் இருக்கின்றன. சட்னிக்கு அரைத்த தேங்காயில் 50 கிராம் ஒருவர் தட்டில் விழுந்தால் இன்னொரு 175. ஆக, பலகையைப் படித்துப் பார்த்து, பூரியை வேண்டாம் என்று தள்ளி, புத்திசாலித்தனமாக இட்லிக்கு மாறியவர், கை கழுவும்போது பலகை சொன்னதைப்போல் மூன்று மடங்கைத் தாண்டியிருப்பார். மிளகாயைக் குற்றம் சொல்ல இதில் இடமே இல்லை. பொடியில் மிளகாய் இருந்தது, உண்மை. அது அன்றைக்கு வெறும் பார்வையாளர்.

மாமல்லபுரத்தில் மாலையில் மீன் வறுக்கும் கடைகளின் முன் ஐந்து நிமிடம் நின்றால் தங்கள் அதிகாரிகளுக்கும் இது விளங்கும். மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு, இஞ்சி பூண்டு விழுது பூசிய வஞ்சிரத் துண்டுகள் தட்டில் சிவக்கச் சிவக்க அடுக்கியிருக்கும். பார்த்தாலே பயம் வரும் நிறம். ஒரு துண்டின்மேல் இருக்கும் பூச்சில் எட்டுப் பத்துக் கிலோகலோரி தேறினால் அதிகம். விரல் காட்டிய துண்டு கல்லுக்கு வருகிறது. கடைக்காரர் கையில் மூடியில் ஓட்டை போட்ட பாட்டில். துண்டைச் சுற்றி எண்ணெயைப் பீய்ச்சுகிறார், நுரைத்து அடங்குகிறது. திருப்பிப் போட்டு இன்னொரு சுற்று. எடுக்கும் முன் மொறுமொறுப்புக்கென்று கடைசியாக ஒரு கோடு. ஒவ்வொரு தேக்கரண்டி எண்ணெய்க்கும் 40 கிலோகலோரி. வாங்கியவர் ஒரு வாய் வைத்துவிட்டு, "காரம் ஜாஸ்தி, உடம்புக்கு ஆகாது" என்று சிவப்பைச் சுரண்டிப் போடுகிறார்.

தங்கள் மூன்றாவது விலக்கு, சாப்பிடுகிறவர் கேட்டு மாற்றிச் செய்யச் சொல்லும் பண்டங்களுக்கு. ஐயா, எங்கள் மாவட்டத்தில் யாராவது தோசையை மெனுவில் உள்ளபடியே கேட்டதைத் தாங்கள் பார்த்ததுண்டா? "நல்லா முறுகலா, நெய் தூக்கலா, உள்ளே பொடி தூவி" என்றுதான் ஆர்டரே ஆரம்பிக்கும். கேட்டதும் அது தனி ஆர்டராகி, பலகையிலிருந்து கழன்றுவிடுகிறது. நான்காவது விலக்கு, விசேஷங்களுக்குச் சமைப்பவர்களுக்கும் வருஷத்தில் 60 நாளுக்குக் குறைவாக நடத்தப்படும் உணவு இடங்களுக்கும். முகூர்த்த நாளில் எங்கள் இலையில் விழும் பாயசம், வடை, அப்பளம் எல்லாம் கலோரி அற்றவை என்று இதனால் தெளிகிறோம். 2019 அக்டோபர் 11 அன்று கடற்கரைக் கோயில் வளாகத்தில் நம் பிரதமர் சீன அதிபருக்குக் கொடுத்த விருந்தில் அரைத்துவிட்ட சாம்பாரும் தக்காளி ரசமும் பரிமாறப்பட்டதாகச் செய்திகள் வந்தன. அப்போது இந்தச் சட்டம் வரவில்லை; இன்றைக்கு நடந்தாலும் அது இந்த விலக்கிற்குள்தான் அடங்கும். அரைத்துவிட்டது தேங்காய் ஆயிற்றே என்று கேட்க இரண்டு நாட்டு அதிகாரிகளிலும் ஆள் இருந்திருக்க மாட்டார்கள்.

இந்த இடத்தில் மாவு மில்லைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்து வீடுகளில் குழம்பு மிளகாய்த்தூளைக் கடையில் வாங்குவது அரைமனதோடுதான். மிளகாய், தனியா, மிளகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், ஒரு பிடி துவரம்பருப்பு, ஒரு பிடி அரிசி எல்லாவற்றையும் மொட்டைமாடியில் காயவைத்து, தூக்குச்சட்டியில் அள்ளிக்கொண்டு மில்லுக்குப் போவார்கள். அங்கே வரிசை உண்டு. எனக்கு முன்னால் கேழ்வரகு அரைத்தவரின் மிச்சம் என் தூளோடு வருகிறது. என் மிளகாயின் நெடி எனக்குப் பின்னால் கோதுமை அரைக்க வந்தவரின் சப்பாத்திக்குப் போகிறது. இந்தப் பண்டமாற்றில் எத்தனை கலோரி கைமாறியது என்பதை ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தாலும் சொல்ல முடியாது. சொல்லவும் வேண்டாம். பருப்பும் அரிசியும் சேர்ந்த அந்தத் தூள்கூட ஒரு தட்டுக் குழம்பில் பத்துப் பதினைந்து கிலோகலோரிதான்.

மசாலாவில் எண்ண வேண்டியது ஒன்று இருக்கிறது, ஐயா. அது கலப்படம். வீட்டிலேயே கலப்படத்தைக் கண்டுபிடிக்கத் தாங்கள் வெளியிட்ட கையேட்டில் நல்ல வழிகள் இருக்கின்றன. மிளகைத் தண்ணீரில் போட்டால் மிளகு அடியில் போகும், பப்பாளி விதை மிதக்கும். மிளகாய்த்தூளைத் தண்ணீரில் கலக்கி, அடியில் தங்கியதை விரலால் தேய்த்துப் பார்த்து நறநறவென்றிருந்தால் செங்கல் தூளோ மணலோ கலந்திருக்கிறது. இவற்றுக்கும் கலோரி நோக்கில் தெளிவுரை தேவை. பப்பாளி விதையை மிளகுக் கணக்கில் ஏற்றுவதா, பழக் கணக்கிலா? செங்கல் தூளுக்குக் கலோரி அறவே கிடையாது. அப்படியானால் உடம்பு இளைக்க விரும்புவோருக்கு உகந்த மிளகாய்த்தூள் என்று அதைத் தனி விலையில் விற்க அனுமதி உண்டா?

2024 ஏப்ரலில் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் நம் நாட்டு மசாலாக் கலவைகள் சிலவற்றை எத்திலீன் ஆக்சைடு என்னும் பூச்சிக்கொல்லி இருக்கிறதென்று தடுத்தன. அதே ஏப்ரலில், மசாலாப் பொருள்களிலும் மூலிகைகளிலும் தனி வரம்பு வகுக்கப்படாத பூச்சிக்கொல்லிகளுக்கான எச்ச அளவைத் தாங்கள் கிலோவுக்கு 0.01 மில்லிகிராமிலிருந்து 0.1 மில்லிகிராமாக, பத்து மடங்காக, உயர்த்தி உத்தரவிட்டீர்கள். அது இந்தியாவில் பதிவு பெறாத மருந்துகளுக்கு மட்டுமே என்று பிறகு விளக்கமும் தந்தீர்கள். விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு சந்தேகம். மிளகின் ஆறு கலோரிக்காக நாங்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கும்போது, மிளகோடு வரும் மருந்தின் வரம்பு ஒரே கையெழுத்தில் பத்து மடங்காவது எந்தச் செயலியிலும் காட்டப்படவில்லையே?

திருக்கழுக்குன்றத்தில் நடுப்பகலில் வந்து சர்க்கரைப் பொங்கல் உண்டுபோன கழுகுகள் வருவது நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. எந்தப் பலகையைப் பார்த்து நின்றன என்று தெரியவில்லை. நாங்கள் கழுகுகள் இல்லை. தினமும் மூன்று வேளை வந்தாக வேண்டும். ஆகவே கீழ்க்கண்ட கோரிக்கைகளைப் பணிவுடன் முன்வைக்கிறேன்.

ஒன்று: மசாலாவின் கலோரியைக் குடிமக்கள் எண்ண வேண்டாம் என்று ஒரே வரியில் அறிவித்து, எங்கள் சமையற்கட்டுகளுக்குச் சமாதானத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

இரண்டு: காசு வாங்காவிட்டாலும், மெனுவில் பெயர் இல்லாவிட்டாலும், யார் ஊற்றினாலும், எண்ணெயையும் நெய்யையும் தேங்காயையும் கணக்கில் சேருங்கள். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி 2,000 கிலோகலோரித் தட்டில் எண்ணெய்க்கு ஒதுக்குவது நாளைக்கு 27 கிராம். இட்லிப் பொடிக் குழியிலேயே அதில் பாதி காலி. தங்கள் 'ஈட் ரைட் இந்தியா' இயக்கம் குறைக்கச் சொல்வதும் உப்பு, சர்க்கரை, எண்ணெய் மூன்றைத்தான். 2025இல் சுகாதார அமைச்சகம் அலுவலகங்களில் வைக்கச் சொன்ன பலகையும் எண்ணெய்க்கும் சர்க்கரைக்கும்தான். இவ்வளவு தெரிந்த பிறகு வாளிக்கு மட்டும் ஏன் சலுகை?

மூன்று: தங்களிடம் உள்ள நடமாடும் பரிசோதனை வண்டிகளில் ஒன்றை மாதம் ஒருமுறை செங்கல்பட்டுச் சந்தைக்கும் எங்கள் மாவு மில் வாசலுக்கும் அனுப்புங்கள். தூளை நாங்கள் கொண்டுவருகிறோம். அதில் எத்தனை கலோரி என்று சொல்ல வேண்டாம். என்னென்ன கலந்திருக்கிறது என்று சொன்னால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் பலகைகளைப் பசியோடு படிக்கும்
ஒரு வயிறு.

நகல்: சாம்பார் வாளியோடு வரும் அண்ணன்மார்களுக்கு, கை நீட்டினால் நிறுத்துமாறு கேட்டு.

நகல்: வாசகர்களுக்கு. பதில் வரும்வரை காத்திருக்க வேண்டாம். மிளகையும் சீரகத்தையும் விட்டுவிடுங்கள், எண்ணெயை எண்ணுங்கள்.